மாதிரிக்கு எழுதிய மூன்று பேர்

ஒரு மழை நாளில் குன்னூரிலிருந்து பெரியவர் ஒருவர் எங்கள் கடைக்கு வந்தார். கூடலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நானும் என் வீட்டுக்காரரும் நடத்துகிற கடை. தைலம், டீத்தூள், மிளகு, ஏலக்காய் விற்கிறோம். ஊட்டிக்கும் மைசூருக்கும் போகிற சுற்றுலாக்காரர்கள்தான் எங்களுக்குப் பெரும்பாலும் வியாபாரம். பெரியவர் எதையும் வாங்க வந்தவராகத் தெரியவில்லை. சொட்டுகிற குடையை மடக்கக்கூட இல்லாமல் வாசலிலேயே நின்று கேட்டார்.

"ஏனுங்க, உங்ககிட்ட தைலம் வாங்கற பெஞ்சமின் இப்ப எங்க இருக்கார்னு தெரியுங்களா? மஞ்சூர்க்காரர். குந்தா பவர் ஹவுஸ்ல வேலை பாத்தவர்."

அப்படி யாரையும் தெரியாது என்றேன். அவர் செல்போனை எடுத்து எங்கள் கடையின் வெப் பக்கத்தைக் காட்டினார். அடியில் ஒரு கட்டத்துக்குள் இப்படி இருந்தது: 'பவர் ஹவுஸ் படிக்கட்டு ஏறி எறங்கித் தேஞ்ச முட்டி இது. இந்தத் தைலம் இல்லேன்னா நான் இன்னிக்கு நடக்கவே மாட்டேன். பெஞ்சமின், மஞ்சூர்.'

"எங்கூட வேலை பாத்தவனுங்க. எறந்துட்டான்னு சொன்னாங்க. எனக்கு அப்ப ஆப்பரேசன், சாவுக்குப் போக முடியல. இதப் பாத்தனுங்க. அவனேதான். இப்படித்தான் பேசுவான்."

பெஞ்சமின் என்று எங்களுக்கு ஒரு வாடிக்கையாளர் கிடையவே கிடையாது. எனக்கு வெப் பக்கம் செய்யச் சொல்லிக்கொடுத்த மிஸ், ஒரு கையில் வர்க்கி பிஸ்கட்டைப் பிடித்துக் கடித்துக்கொண்டே இன்னொரு கையால் தட்டி உண்டாக்கிய ஆள் அவர். 'மஞ்சூர்' என்றதும் குந்தா பவர் ஹவுஸ், பவர் ஹவுஸ் என்றதும் படிக்கட்டு, படிக்கட்டு என்றதும் முட்டி. அவ்வளவுதான் பெஞ்சமின்.

என் வீட்டுக்காரர்தான் பெரியவரை உட்காரவைத்து, டீ வாங்கிக்கொடுத்து, அது வேறு யாராவது பெஞ்சமினாக இருக்கும் என்று பேசி அனுப்பிவைத்தார். அவர் படியிறங்கிப் போன விதத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

மறுநாள் வகுப்பில் இதை மிஸ்ஸிடம் சொன்னேன். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். "அய்யோ அக்கா, பாவமே!" என்றாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள்: "அவரு ஃபிரண்டு பேசற மாதிரியேவா இருக்குன்னாரு?"

அவள் கண்ணில் ஒரு சந்தோஷம் மின்னிப்போனதை நான் பார்த்தேன். அதுதான் எனக்கு அவளிடம் ஏற்பட்ட முதல் அதிர்ச்சி.

மிஸ் என்று கூப்பிட்டோமே தவிர, அவள் எனக்குப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவள். தேவாலாவிலிருந்து பஸ்ஸில் வருவாள். தாத்தா பாட்டி காலத்தில் இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்த குடும்பம். செல்போன் கடைக்கு மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் 'வெப் டிசைன், ஆரம்ப நிலை' என்று போர்டு போட்டிருந்தார்கள். நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்தோம். எல்லாரும் பெண்கள். மவுஸைப் பிடிக்கவே கை நடுங்குகிறவர்கள்தான் பாதி.

முதல் நாள் அவள் நோட்பேடைத் திறந்து வெள்ளையாகக் காட்டினாள். "பிரவுசர் சொந்தமா ஒண்ணும் யோசிக்காது. எது தலைப்பு, எது பத்தி, எது படம்னு நாமதான் சொல்லணும். அதச் சொல்றதுக்குத்தான் டேக்." இரண்டு கோண அடைப்புக்கு நடுவில் எச், ஒன் என்று தட்டினாள். அப்புறம் என் கடையின் பெயர். அப்புறம் சாய்கோடு போட்டு அதே எச் ஒன். "இங்க தொறந்தா அங்க மூடணும். மூடலேன்னா எதுவரைக்கும் தலைப்புன்னு அதுக்குத் தெரியாது." சேமித்து, பிரவுசரில் திறந்தாள். எங்கள் கடையின் பெயர் திரையில் பெரிதாக வந்து நின்றது. ஒரு நிமிஷம் நான் மூச்சே விடவில்லை.

தடித்த எழுத்துக்கு டேக் போட்டுவிட்டு ஒரு தடவை மூட மறந்துவிட்டேன். ஏலக்காயிலிருந்து போன் நம்பர் வரைக்கும் எல்லாம் தடிதடியாக வந்தது. "அக்கா, உங்க பேஜு ஊரோட சண்டைக்கு நிக்குது!" என்று சிரித்தாள். திட்டவே மாட்டாள். அவளிடம் படிப்பது லேசாக இருந்தது. அதில் பொய்யில்லை.

தலைப்பு போடுவோம், பத்திக்கு டேக் போடுவோம். உள்ளே என்ன எழுதுவதென்று தெரியாமல் முழிப்போம். அப்போது பின்னாலிருந்து அவள் கை வரும். "வெறும் கட்டத்தப் பாத்தா எனக்குச் சோறு எறங்காதுக்கா," என்பாள். தோளுக்கு மேலே குனிந்து படபடவென்று தட்டுவாள். வாடிக்கையாளர், முகவரி, பாராட்டு, பிறந்தநாள் வாழ்த்து, எல்லாம் வந்து விழும். "வேற எடத்துலல்லாம் புரியாத லத்தீன் வரியப் போட்டு நெரப்புவாங்க. படிக்கறதுக்கு ஆளு இருக்கறப்ப எதுக்குக்கா அது? மாதிரிக்குத்தான். அப்பறம் மாத்திக்கலாம்."

மாதிரிக்குத்தான். அவள் வாயில் அதிகம் வந்த வார்த்தை அதுதான். யாரும் மாற்றியதில்லை. அவள் எழுதியது நாங்கள் எழுதக்கூடியதைவிட நன்றாக இருந்தது. என் வெப் பக்கத்திலும் பெஞ்சமின் அப்படித்தான் தங்கிப்போனார்.

வெளியிலும் அவள் இதே ஆள்தான். தேவாலாப் பக்கம் யானை ரோட்டை மறித்து பஸ் நின்றதால் தாமதம் என்று வருவாள். அது நிஜமாகவே நடக்கிற ஊர். ஆனால் அவள் சொல்லும்போது யானைக்குப் பின்னால் ஒரு கல்யாண வேன் நிற்கும், அதில் முகூர்த்த நேரம் போகிறதென்று அழுகிற மாப்பிள்ளை இருப்பான், யானைக்குச் சர்க்கரைப் பொங்கலைக் காட்டிக் கெஞ்சுகிற மாமனார் இருப்பார். நாங்கள் வயிறு வலிக்கச் சிரிப்போம். எது நடந்தது, எது அவள் போட்டு நிரப்பியது என்று நாங்கள் கேட்டதில்லை.

ஒரு முறை அவளே சொன்னாள். அவளுடைய அப்பா எஸ்டேட் ஃபேக்டரியில் வேலை முடிந்து வந்து சுவரைப் பார்த்து உட்காருவாராம். விடிகிறவரை ஒரு பேச்சு இருக்காதாம். "சின்ன வயசுல அப்பாவுக்கும் சேத்து நானே பேசுவேன்க்கா. 'என்னம்மா இன்னிக்குப் பள்ளிக்கூடத்துல?'ன்னு அப்பா கொரல்ல கேப்பேன். நானே பதில் சொல்லுவேன்." இதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

சென்டர் இருந்த கட்டடத்தின் வாட்ச்மேன் இறந்தபோது நடந்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை. தனிக்கட்டை மனிதர். சமவெளியிலிருந்து தம்பி ஒருவர் மட்டும் வந்திருந்தார். சுடுகாட்டில் நான்கு பேர் நனைந்துகொண்டு நின்றோம். யாராவது இரண்டு வார்த்தை பேசலாமே என்று தம்பி தயங்கித் தயங்கிக் கேட்டார். யாருக்கும் அந்த மனிதரைப் பற்றி ஒன்றும் தெரியாது. மிஸ் முன்னால் போனாள். மழையில் நின்ற பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அவர் தன்னுடைய குடையைக் கொடுத்தனுப்பியதை, தம்பியைப் பற்றித் தினமும் பெருமையாகப் பேசியதை, தம்பி சின்ன வயதில் கிணற்றில் விழுந்தபோது தான் குதித்ததைச் சொல்லிக் கண்கலங்கியதை, நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். தம்பி குலுங்கிக் குலுங்கி அழுதார்.

திரும்பி வரும்போது கேட்டேன். "உங்ககிட்ட அவரு இவ்வளவு பேசியிருக்காரா மிஸ்?"

"எங்கிட்ட 'கேட்டைச் சாத்திட்டுப் போ'ன்னு மட்டுந்தான்க்கா சொல்லுவாரு."

"அப்ப கெணறு?"

"எல்லா ஊர்லயும் கெணறு இருக்கும்ல, அதுல விழுந்த பையனும் இருப்பான். ஏதாச்சும் சொல்லணும்லக்கா. வெறுமனே எரிச்சுட்டு வந்தா பாவம்."

ரோட்டில் அப்படியே நின்றுவிட்டேன். அது கருணையா, வேறு ஏதாவதா என்று எனக்கு இன்றுவரை சொல்லத் தெரியவில்லை. தம்பி அழுதது மட்டும் நிஜம்.

இனி வினோதினியின் கதைக்கு வருகிறேன். எங்களோடு படித்த பெண். நாடுகாணிப் பக்கம் வீடு. அம்மா கொழுந்து பறிக்கப் போகிறவர். வினோதினி கூடலூரில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு நாள் மத்தியான வகுப்புக்கு லட்டு டப்பாவோடு வந்தாள். வேலையை விட்டுவிட்டாளாம். ஞாயிற்றுக்கிழமை சென்னைக்குப் போய், அங்கிருந்து வெளிநாட்டுக்கு ஃப்ளைட்டாம்.

"என்ன வேலடி?" என்று கேட்டேன்.

"கம்ப்யூட்டர்ல டைப் பண்றதுங்க்கா. ஏசி ரூமு. சாப்பாடு, தங்கறதெல்லாம் அவங்களே. சர்டிபிகேட்டெல்லாம் ஏஜென்ட்கிட்ட குடுத்தாச்சு."

மிஸ் லட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "எந்தக் கம்பெனி வினோ?" என்றாள்.

வினோதினி செல்போனில் கம்பெனியின் பக்கத்தைத் திறந்து நீட்டினாள். "இதப் பாத்துத்தான் அம்மா சரின்னே சொன்னாங்க மிஸ். உங்க ஊரு அண்ணன் ஒருத்தரு அங்க இருக்காரு. நானே படிச்சுக் காட்டினேன்." அதையே எங்களுக்கும் படித்தாள். "'வீட்டுச் சோறு மாதிரியே இருக்கு. ஞாயித்துக்கெழம லீவு. மழை இல்லாததுதான் ஒரே கொற, தேவாலா மழைய நெனச்சுட்டே தூங்குவேன். பிரபு, தேவாலா.'"

மிஸ் லட்டைக் கீபோர்டின் மேலேயே வைத்துவிட்டாள்.

"இது நான் எழுதினது."

"பேஜு நீங்க செஞ்சதா மிஸ்? சூப்பரு! அப்ப நெஜமாவே நல்ல கம்பெனிதான்." வினோதினிக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"பேஜச் சொல்லல வினோ. பிரபுவச் சொல்றேன். பிரபுவ நான்தான் எழுதினேன். அப்படி ஒரு ஆளு இல்ல. கீழ இருக்கற கோத்தகிரி அனிதாவும் இல்ல, பந்தலூர் ஜான்சனும் இல்ல."

யாருக்கும் புரியவில்லை. அவள் தடுமாறித் தடுமாறிச் சொன்னாள். சில மாதம் முன்னால் சென்டர் முதலாளி அந்தக் கம்பெனிக்குப் பக்கம் செய்கிற வேலையைக் கொண்டுவந்திருக்கிறார். போய் வேலை பார்க்கிறவர்கள் சொல்வதற்கு மூன்று கட்டம் விடச் சொன்னார்களாம், அப்புறம் அவர்களே நிரப்பிக்கொள்வதாகப் பேச்சு. இவளால் வெறும் கட்டமாக விட முடியவில்லை. "மாதிரிக்குத்தான்னு சொல்லித்தான் குடுத்தேன். மாத்திருவாங்கன்னு நெனச்சேன்."

வினோதினிக்குக் கோபம் வந்துவிட்டது. "எம் பொழப்பக் கெடுக்காதீங்க மிஸ். நீங்க எழுதினா என்ன? அதே பேர்ல நெஜமாவே ஒருத்தரு இருக்கக் கூடாதா?" ஏஜென்டுக்குப் போன் போட்டாள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் வைத்தாள்.

"சார், தேவாலா பிரபு அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை பேசலாங்களா? அம்மா கேக்கச் சொன்னாங்க."

"பிரபுவாம்மா? இப்ப டூட்டில இருப்பாரு. நேத்துகூட எங்கிட்டப் பேசினாரே. அடுத்த மாசம் லீவுக்கு வர்றாரு. ஏர்போர்ட்ல உன்னக் கூப்பிட வரச் சொல்றேன், போதுமா?" இதமான குரல். பொறுப்பான சித்தப்பா பேசுவதுபோல இருந்தது.

போன் நின்றது. தகரக் கூரையில் மழை அடித்துக்கொண்டிருந்தது. நான் மிஸ்ஸைப் பார்த்தேன். தான் செய்த பொம்மை எழுந்து நடந்துபோவதைப் பார்ப்பவள்போல உறைந்து நின்றாள். வினோதினி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

முன்னறையிலிருந்து முதலாளி வந்தார். மிஸ் அவரிடம் கேட்டாள். "சார், நெஜமா யாராச்சும் போயி வேலை செய்யறாங்களான்னு கேட்டீங்களா?"

"நாம பேஜு செஞ்சு தர்றவங்கம்மா. உள்ள போட்டிருக்கறது உண்மையான்னு நாம எதுக்குக் கேக்கோணும்? கஸ்டமர் வெவகாரம். கிளாஸப் பாரு."

அவள் கிளாஸைப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் சென்டரின் கணக்கிலேயே இருந்தது, பாஸ்வேர்டு அவளுக்குத் தெரியும். பக்கத்தின் கோடிங்கைத் திறந்து மூன்று கட்டத்தையும் அழித்தாள். முதலாளி "என்ன பண்றே?" என்று கத்திக்கொண்டு வந்தார். நான் எப்படி எழுந்தேன் என்று தெரியாது. அவருக்கும் அவளுக்கும் நடுவில் நாற்காலியைப் போட்டு நின்றுகொண்டேன். மற்ற பெண்களும் வந்து நின்றார்கள்.

பக்கத்தின் உச்சியில், இருப்பதிலேயே பெரிய தலைப்பாக எச் ஒன் போட்டு எழுதினாள்: 'இந்தப் பக்கத்தில் இருந்த பிரபு, அனிதா, ஜான்சன் மூன்று பேரும் இல்லாத ஆட்கள். நான்தான் எழுதினேன். நம்பிப் போகாதீர்கள். உங்கள் வீட்டிலிருந்து ஏற்கனவே யாராவது போயிருந்தால் என்னைக் கூப்பிடுங்கள்.' அடியில் தன் முழுப் பெயர், தன் போன் நம்பர். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவள் ஒரு தடவை எழுதியதே போதும்.

சாயங்காலத்துக்குள் யாரோ அந்தப் பக்கத்தையே எடுத்துவிட்டார்கள். ஆனால் அதற்குள் பார்த்தவர்கள் பார்த்துவிட்டார்கள். நாங்கள் வினோதினியோடு போலீஸ் ஸ்டேஷனுக்கு நடக்கும்போதே அவள் போன் அடிக்க ஆரம்பித்தது. சிலர் திட்டினார்கள். சிலர் நன்றி சொன்னார்கள். ஸ்டேஷன் வாசலில் வந்த கால் மஞ்சூரிலிருந்து. ஒரு அம்மா. பையன் பெயர் சதீஷ், போய் நான்கைந்து மாதமாகிறதாம், போன் வந்து வெகுநாளாகிறதாம். மழைச் சத்தத்தில் சரியாகக் கேட்காமல் மிஸ் ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

"ஏம்மா, நீ எழுதினது புரியல எனக்கு. பிரபு இல்லாத ஆளா? எம் மவனும் அந்தத் தம்பியும் ஒரே ரூம்லன்னுதானே சொன்னாங்க? பிரபு நல்லாப் பாத்துக்கறான், கவலப்படாதீங்கன்னு ஏஜென்டு வாரா வாரம் சொல்றாரே?" கொஞ்சம் நிறுத்தி அந்த அம்மா கேட்டார். "அந்தத் தம்பி இல்லேன்னா, எம் மவன் யாரு கூடம்மா இருக்கான்?"

போன் மிஸ்ஸின் கையிலிருந்து நழுவ, நான் பிடித்துக்கொண்டேன். கூடலூர் ஸ்டேஷனில் இருக்கிறோம் என்று மட்டும் அந்த அம்மாவிடம் சொன்னேன்.

ஸ்டேஷனில் அவள் எதையும் மறைக்கவில்லை. அவள் சொன்னதை எழுதிக்கொண்டிருந்த எஸ்.ஐ. நிமிர்ந்து, "சரி, இந்தப் பிரபு யாரு? அட்ரஸ் சொல்லுங்க," என்றார். "யாரும் இல்லீங்க சார்," என்றாள். அவர் நம்பாமல் மறுபடியும் கேட்டார். மறுபடியும் அதையே சொன்னாள். ஏஜென்டின் ஆபீஸைப் பூட்டு உடைத்துத் திறந்தார்கள். ஆள் இல்லை. வினோதினியின் சர்டிபிகேட்டுகள் அங்கே ஒரு பையில் கிடந்தன, இன்னும் பலருடையதும் இருந்தன. சென்டர் முதலாளியை ஊட்டிக்கு விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். சென்டரை மூடினார்கள்.

மஞ்சூர் அம்மா அடுத்த நாளே பஸ்ஸேறி வந்தார். ஸ்டேஷன் வராந்தாவில் மிஸ்ஸைக் காட்டி "இவங்கதான்" என்று யாரோ சொன்னதும், நேராக வந்து ஓங்கி அறைந்தார். கான்ஸ்டபிள் ஓடிவந்து பிடித்தார். மிஸ் நகரவில்லை. கன்னத்தைத் தொடக்கூட இல்லை. "இன்னும் அடிங்கம்மா," என்றாள். அந்த அம்மா கையை இறக்கிவிட்டு அங்கேயே பெஞ்சில் சரிந்து உட்கார்ந்தார்.

அந்த மாதிரி இடங்களுக்குப் போனவர்களை என்ன செய்ய வைக்கிறார்கள் என்று அதற்கப்புறம்தான் எங்களுக்குத் தெரியவந்தது. வாசலில் துப்பாக்கியோடு ஆள் நிற்குமாம். உள்ளே உட்காரவைத்து, முகம் தெரியாதவர்களோடு பொய்ப் பேரில் பேசி ஏமாற்றச் சொல்வார்களாம். மாட்டேன் என்றால் அடி, பட்டினி. வினோதினி இதைக் கேட்டதிலிருந்து பல நாள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. இப்போது பழைய ஜவுளிக்கடையிலேயே இருக்கிறாள். கடைக்குப் போனால் என் கையைப் பிடித்துக்கொள்வாள். மிஸ்ஸைப் பற்றி அவள் நல்லதாகவும் பேசியதில்லை, கெட்டதாகவும் பேசியதில்லை.

மிஸ் ஸ்டேஷனுக்கும் ஊட்டிக்குமாக அலைந்தாள். கூப்பிட்ட போதெல்லாம் போனாள், கூப்பிடாத போதும் போனாள். அவளைப் பார்த்தால் சிலர் ரோட்டின் அந்தப் பக்கம் போனார்கள். என் வீட்டுக்காரரே, "அந்தப் புள்ளைய இனிக் கடைக்குக் கூட்டியாராத," என்றார். நான் கேட்கவில்லை. ஆனால் அவளோடு டீ குடிக்கும்போது எனக்கும் பழைய மாதிரி இல்லை. அவள் நன்றாகத்தான் நினைத்தாள் என்று சொல்லிக்கொள்வேன். உடனே அந்த அம்மாவின் குரல் காதில் வந்துவிடும்.

நான் அவளைக் கடைசியாகப் பார்த்தது கூடலூர் பஸ் ஸ்டாண்டில். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. ஒரே ஒரு பை. இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்தாள்.

"அக்கா, மஞ்சூரம்மா போன் பண்ணுச்சு. காலையிலதான். சதீஷு வந்துட்டானாம்."

நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். அரசாங்கம் சிலரை மீட்டு விமானத்தில் கொண்டுவந்ததாகச் செய்தியில் பார்த்திருந்தேன். அதில் அவனும் இருந்திருக்கிறான். ஏஜென்டின் ஆபீஸில் சர்டிபிகேட் கிடந்தவர்களில் வேறு இரண்டு பேரைப் பற்றி இன்றைக்கும் தகவல் இல்லை.

"என்ன சொன்னாங்க?"

"'வந்துட்டான், தூங்கறான்'னு சொன்னாங்க. நான் வந்து பாக்கட்டுமாம்மான்னு கேட்டேன்." "'நீ வராத. ஒன் மொகத்தப் பாக்க என்னால முடியாது. ஆனா வந்துட்டான்னு ஒங்கிட்டச் சொல்லாம இருக்கவும் முடியல'ன்னாங்க. வெச்சுருவாங்கன்னு நெனச்சேன்க்கா. வெக்கல. எந்திரிச்சு நடக்கற சத்தம் கேட்டுச்சு. போனக் கொண்டுபோயி அவன் மூக்குக்கிட்ட வெச்சாங்க. அவன் தூங்கற மூச்சு கேட்டுச்சுக்கா."

கோயமுத்தூர் பஸ் கிளம்ப ஹாரன் அடித்தது. அவள் பையை எடுத்துக்கொண்டு ஏறினாள்.